செட்டாப் பாக்ஸ் சத்தத்தை ரிசீவர் வழியாகக் கேட்பது எப்படி: வயர் முதல் மெனு வரை முழு வழிகாட்டி

வீட்டில் ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர், அவற்றையெல்லாம் ஓட்ட, தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் கனத்தில் ஒரு ரிசீவர். படம் போட்டால் ஜன்னல் அதிரும். ஆனால் நாள் முழுக்க ஓடுகிற கேபிள் சேனல்களின் சத்தம் மட்டும் டிவிக்கு அடியில் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு சின்ன ஸ்பீக்கரிலிருந்து வரும். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற கதைதான். இத்தனைக்கும் பல வீடுகளில் வயர் இருக்கும், செருகியும் இருக்கும், மூன்று பெட்டிகளில் ஏதோ ஒன்றின் மெனுவில் ஒரே ஒரு வரி தப்பாக இருக்கும். அதனால் இந்த வேலையில் பாதி பின்பக்கத்தில், மீதி பாதி ரிமோட்டில் என்று முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். வயரை மட்டும் மாற்றி மாற்றிச் செருகிப் பார்ப்பவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போய்விடும். எனக்கும் போயிருக்கிறது.

முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள்

எல்லாவற்றையும் ஆஃப் செய்து பிளக்கையும் கழற்றிவிட்டு, போன் டார்ச்சை அடித்து செட்டாப் பாக்ஸ், ரிசீவர், டிவி மூன்றின் பின்பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அலமாரிக்குப் பின்னால் தலையை நுழைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படிப்பதைவிட போட்டோவைப் பெரிதாக்கிப் பார்ப்பது எவ்வளவோ சுலபம்.

அதில் தேட வேண்டியவை நாலே நாலு.

எச்டிஎம்ஐ எல்லோருக்கும் தெரிந்ததுதான், படமும் சத்தமும் ஒரே வயரில் போகும். இதில் கவனிக்க வேண்டியது எண்ணிக்கையை அல்ல, திசையை. ரிசீவரில் ஐந்தாறு எச்டிஎம்ஐ இருந்தாலும் ஒன்றிரண்டில்தான் 'அவுட்' அல்லது 'மானிட்டர்' என்று எழுதியிருக்கும், மற்றவை எல்லாம் 'இன்'. டிவியில் இருப்பவை பொதுவாக எல்லாமே 'இன்', ஆனால் அதில் ஏதாவது ஒன்றின் பக்கத்தில் 'ஏஆர்சி' அல்லது 'இஏஆர்சி' என்று பொடி எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு சாக்கெட் மட்டும் இரண்டு பக்கமும் பேசும்: படத்தை வாங்கிக்கொண்டே சத்தத்தைத் திருப்பி அனுப்பும். இந்த வசதி 2009-ல் வந்த எச்டிஎம்ஐ 1.4-இல் சேர்ந்தது, அதற்கு முந்தைய ரிசீவரில் இதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அடுத்தது ஆப்டிகல். சின்னதாகச் சதுரமான வாய், சிலவற்றில் மூடி இருக்கும். பாக்ஸ் ஓடும்போது உள்ளே சிவப்பு வெளிச்சம் தெரியும். தோஷிபா நிறுவனம் 1983-ல் கொண்டுவந்த இணைப்பு இது, இன்னும் பல பெட்டிகளில் இருக்கிறது.

மூன்றாவது டிஜிட்டல் கோஆக்சியல். பார்க்க சிவப்பு, வெள்ளை வயர் செருகுகிற சாதாரண ஆர்சிஏ சாக்கெட் மாதிரியே இருக்கும், ஆனால் தனியாக ஒன்று மட்டும், பெரும்பாலும் ஆரஞ்சு நிறத்தில். கேபிள்காரர் சுவரிலிருந்து இழுத்துவந்து பாக்ஸில் திருகி வைத்திருக்கிற வயரையும் கோஆக்சியல் என்றுதான் சொல்வார்கள், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது சிக்னல் உள்ளே வருகிற வழி, இது சத்தம் வெளியே போகிற வழி.

நாலாவது பழைய சிவப்பு, வெள்ளை ஜோடி. சிவப்பு வலது, வெள்ளை இடது. சின்ன பாக்ஸ்களில் இந்த ஜோடிக்குப் பதிலாக ஹெட்போன் ஜாக் போன்ற ஒற்றை ஓட்டை இருக்கும், அதிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று பிரிகிற வயர் வரும்.

எந்த வழியில் போவது

மூன்று பெட்டிகளையும் ஒரு காகிதத்தில் கட்டம் போட்டு, அம்புக்குறியோடு வரைந்து பாருங்கள். சிரிக்காதீர்கள், இந்த ஒரு நிமிட வேலை பின்னால் நிறைய அலைச்சலை மிச்சப்படுத்தும். சத்தம் பாக்ஸிலிருந்து ரிசீவருக்குப் போக ஒரே ஒரு வழி இருக்க வேண்டும், அந்த வழி எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எதற்கும் இருக்கட்டும் என்று எச்டிஎம்ஐயும் ஆப்டிகலும் சேர்த்துச் செருகி வைத்தால் எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது, ரிசீவருக்கும்தான்.

என் கணக்கு இது. ரிசீவரில் எச்டிஎம்ஐ 'இன்', 'அவுட்' இரண்டும் இருந்து, அது உங்கள் பாக்ஸ் அனுப்பும் படத்தைத் தாங்கும் என்றால் பாக்ஸை நேராக ரிசீவரில் செருகுங்கள். பாக்ஸ் 4கே, ரிசீவர் பழசு என்றால் பாக்ஸை டிவியில் செருகி ஏஆர்சி வழியாகச் சத்தத்தைத் திரும்ப வாங்குங்கள். ரிசீவரில் எச்டிஎம்ஐயே இல்லை அல்லது இருந்தும் தகராறு செய்கிறது என்றால் ஆப்டிகல். எதுவுமே ஒத்துவரவில்லை என்றால் சிவப்பு வெள்ளை இருக்கவே இருக்கிறது.

முதல் வழி: பாக்ஸ், ரிசீவர், டிவி

இதற்கு இரண்டு எச்டிஎம்ஐ வயர் வேண்டும். பாக்ஸின் எச்டிஎம்ஐயிலிருந்து ரிசீவரின் 'இன்' ஒன்றுக்கு முதல் வயர். பல ரிசீவர்களில் அந்த சாக்கெட்டுகளுக்கு எண்ணோடு பெயரும் எழுதியிருக்கும், அதில் 'கேபிள், சாட்டிலைட்' என்று இருப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். வேறு எதில் செருகினாலும் வேலை செய்யும், ஆனால் வீட்டில் மற்றவர்கள் ரிமோட்டை எடுக்கும்போது கேபிள் பார்க்க 'கேம்' பட்டனை அழுத்து என்று தினமும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டி வரும். இரண்டாவது வயர் ரிசீவரின் 'அவுட்'டிலிருந்து டிவிக்கு. டிவியில் ஏஆர்சி சாக்கெட் இருந்தால் அதிலேயே செருகுங்கள், இப்போது தேவையில்லாவிட்டாலும் டிவிக்குள்ளேயே இருக்கிற ஆப்களின் சத்தத்துக்குப் பிறகு உதவும்.

எல்லாம் செருகிய பின் முதலில் டிவி, அப்புறம் ரிசீவர், கடைசியாகப் பாக்ஸ் என்ற வரிசையில் ஆன் செய்யுங்கள். எச்டிஎம்ஐயில் ஒவ்வொரு பெட்டியும் அடுத்த பெட்டியிடம் "உனக்கு என்னென்ன ஓடும்?" என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் படம், சத்தம் எதையும் அனுப்பும். பாக்ஸ் முதலில் விழித்துக்கொண்டு கேட்கும்போது எதிரில் ஆள் இல்லையென்றால் அது வெறும் ஸ்டீரியோவில் நின்றுவிடலாம், சில சமயம் சத்தமே அனுப்பாது.

டிவியில் ரிசீவர் செருகிய எச்டிஎம்ஐயைத் தேர்ந்தெடுங்கள், ரிசீவரில் கேபிள் இன்புட்டைத் தேர்ந்தெடுங்கள், ரிசீவர் வால்யூமை மெதுவாக ஏற்றுங்கள். படமும் சத்தமும் வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

படம் வந்து சத்தம் வரவில்லையா? ரிசீவரின் எச்டிஎம்ஐ மெனுவில் 'ஆடியோ அவுட்' என்று ஒரு வரி இருக்கும். அதில் 'ஆம்ப்', 'டிவி' என்று இரண்டு தேர்வு. 'டிவி' என்று இருந்தால் ரிசீவர் சத்தத்தைத் தொடாமல் அப்படியே டிவிக்குத் தள்ளிவிடும். 'ஆம்ப்' என்று மாற்றுங்கள். இன்னொன்றும் உண்டு: எச்டிஎம்ஐ வந்த புதிதில் வெளியான சில ரிசீவர்கள் எச்டிஎம்ஐயை வெறும் சுவிட்சாக மட்டும் வைத்திருந்தன. படத்தை மாற்றிவிடும், உள்ளே வரும் சத்தத்தை எடுக்கவே தெரியாது. உங்களுடையது அந்த வகை என்றால் எந்த மெனுவும் உதவாது, கூடவே ஒரு ஆப்டிகல் போட்டுத்தான் ஆக வேண்டும்.

சத்தம் வந்து படம் மட்டும் கறுப்பாக இருந்தால், அல்லது நகல் தடுப்பு பற்றி ஏதாவது எச்சரிக்கை வந்தால், அநேகமாக எச்டிசிபி என்ற நகல் தடுப்புப் பூட்டின் பிரச்சினை. 4கே பாக்ஸ் பொதுவாக எச்டிசிபி 2.2 கேட்கும், நடுவில் இருக்கிற ரிசீவருக்கு அது தெரியாவிட்டால் பாக்ஸ் படத்தைத் தராது அல்லது தரத்தைக் குறைத்துத் தரும். பாக்ஸை 1080-க்கு இறக்கிப் பார்க்கலாம். 4கே விட மனசில்லை என்றால் இரண்டாவது வழிக்குப் போய்விடுங்கள்.

இந்த வழியில் ஒரு சங்கடம் உண்டு, முன்பே சொல்லிவிடுகிறேன். ரிசீவர் ஆனில் இல்லாவிட்டால் டிவிக்குப் படமும் போகாது. காலையில் பத்து நிமிடம் செய்தி பார்ப்பதற்கும் அந்தப் பெரிய பெட்டியை எழுப்ப வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் 'ஸ்டாண்ட்பை பாஸ் த்ரூ' என்ற அமைப்பு இருக்கிறது. அதை ஆன் செய்து வைத்தால் ரிசீவர் தூங்கும்போதும் படமும் சத்தமும் அதன் வழியாக டிவிக்குப் போகும். ஸ்டாண்ட்பையில் கொஞ்சம் கூடுதலாகக் கரண்ட் இழுக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது வழி: பாக்ஸ், டிவி, பிறகு ஏஆர்சி

பாக்ஸை டிவியின் சாதாரண எச்டிஎம்ஐ ஒன்றில் செருகுங்கள். டிவியின் ஏஆர்சி சாக்கெட்டிலிருந்து ரிசீவரின் 'அவுட்' சாக்கெட்டுக்கு ஒரு வயர். ஆமாம், அவுட்டுக்குத்தான். சத்தம் உள்ளே வர வேண்டும், பிறகு ஏன் அவுட்டில் செருக வேண்டும் என்று தோன்றும். அதே வயரில் எதிர்த்திசையில் சத்தம் திரும்பி வருவதுதான் ஏஆர்சி. ரிசீவரின் 'இன்'னில் செருகினால் ஒன்றும் நடக்காது, நிறையப் பேர் சறுக்குகிற இடம் இதுதான்.

அப்புறம் சிஇசி, அதாவது எச்டிஎம்ஐ வயர் வழியாக ஒரு பெட்டி இன்னொன்றை இயக்குகிற வசதி. ஏஆர்சி வேலை செய்ய டிவி, ரிசீவர் இரண்டிலும் இது ஆனில் இருக்க வேண்டும். ஆனால் டிவி மெனுவில் சிஇசி என்ற பெயரையே பார்க்க முடியாமல் போகலாம், ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஒரு செல்லப்பெயர் வைத்திருக்கிறது: சாம்சங்கில் எனிநெட் பிளஸ், சோனியில் பிராவியா சிங்க், எல்ஜியில் சிம்ப்லிங்க், பானசோனிக்கில் வியரா லிங்க். அதை ஆன் செய்து, ரிசீவரில் ஏஆர்சியையும் தனியாக ஆன் செய்து, டிவியின் சத்த மெனுவில் வெளி ஸ்பீக்கர் அல்லது ரிசீவர் என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ரிசீவரில் கேபிள் இன்புட் அல்ல, 'டிவி' அல்லது 'டிவி ஆடியோ' என்ற இன்புட்.

இந்த வழியில் சத்தத்தின் தரம் டிவியின் கையில் இருக்கிறது. பாக்ஸ் 5.1, அதாவது ஐந்து ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும் தனித்தனிச் சத்தம், அனுப்பினாலும் அதை இரண்டாகச் சுருக்கித் தருகிற டிவிகள் உண்டு. டிவி மெனுவில் 'டிஜிட்டல் ஆடியோ அவுட்' என்ற இடத்தில் 'பிசிஎம்' (டிவியே பிரித்து, பெரும்பாலும் இரண்டு ஸ்பீக்கருக்கான சத்தமாக அனுப்புவது) என்று இருந்தால் 'பாஸ் த்ரூ', 'பிட்ஸ்ட்ரீம்' அல்லது 'ஆட்டோ' என்று மாற்றிப் பாருங்கள். இஏஆர்சி இரண்டு பக்கமும் இருந்தால் இந்தக் கவலை குறைவு. 2017-ல் வந்த எச்டிஎம்ஐ 2.1-ஓடு சேர்ந்த வசதி அது, சுருக்காத எட்டு சேனல் சத்தம்வரை சுமக்கும் (இங்கே சேனல் என்றால் ஒரு ஸ்பீக்கருக்கான தனிச் சத்தம்). கேபிள் சேனல் பார்க்க அவ்வளவு தேவையில்லை. இருந்தால் நல்லது, இல்லை என்பதற்காக ரிசீவரை மாற்றக் கிளம்பிவிடாதீர்கள்.

மூன்றாவது வழி: படம் தனி, சத்தம் தனி

எனக்கு இந்த வழி மேல் ஒரு தனிப் பிரியம், ஏனென்றால் இதில் பெட்டிகள் ஒன்றையொன்று கேட்டுக்கொள்கிற நாடகமே கிடையாது. பாக்ஸிலிருந்து டிவிக்கு எச்டிஎம்ஐ, படம் போய்விட்டது. பாக்ஸின் ஆப்டிகலிலிருந்து ரிசீவரின் ஆப்டிகல் 'இன்'னுக்கு ஒரு வயர், சத்தம் போய்விட்டது. ரிசீவர் ஆஃபில் இருந்தாலும் டிவி பாட்டுக்குத் தனியாக ஓடும்.

ஆப்டிகல் வயர் புதிதாக வாங்கியது என்றால் இரண்டு முனையிலும் கண்ணாடி மாதிரித் தெளிவான சின்ன பிளாஸ்டிக் தொப்பி இருக்கும். அதைக் கழற்றிவிட்டுத்தான் செருக வேண்டும். சொல்லத் தேவையில்லாத விஷயம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், ஒருநாள் முக்கால் மணி நேரம் மெனு மெனுவாக நோண்டிவிட்டு அந்தத் தொப்பியைக் கண்டுபிடிக்கும்வரை. முனை ஒரு பக்கம் தட்டையாகவும் இரண்டு மூலை வெட்டியும் இருக்கும், சாக்கெட்டோடு பொருத்திப் பார்த்து மெதுவாக அழுத்தினால் க்ளிக் என்று உட்காரும். வயரைக் கூர்மையாக மடிக்காதீர்கள், உள்ளே போவது வெளிச்சம், மடிப்பில் செத்துவிடும்.

பாக்ஸில் ஆரஞ்சு கோஆக்சியல் மட்டும் இருந்தால் அதையே போடலாம், தரத்தில் வித்தியாசம் கிடையாது. அதற்கு 75 ஓம் வயர் வேண்டும். பழைய மஞ்சள் வீடியோ வயர் ஒன்று அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தால் அதுவும் அதே 75 ஓம்தான், எடுத்துச் செருகுங்கள். பாக்ஸில் ஆப்டிகல், ரிசீவரில் கோஆக்சியல் என்று மாறி இருந்தால் நடுவில் வைக்க மாற்றிப் பெட்டி கிடைக்கும்.

ஆப்டிகலிலும் கோஆக்சியலிலும் இரண்டு சேனல் பிசிஎம் அல்லது டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் என்ற முறைகளில் சுருக்கிய 5.1 போகும், அதற்கு மேல் போகாது. கேபிள் சேனலுக்கு இது தாராளம்.

இனி முக்கியமான படி. ரிசீவரில் கேபிள் இன்புட்டை அழுத்தியும் சத்தம் வராமல் போகலாம், ஏனென்றால் நீங்கள் செருகிய ஆப்டிகல் சாக்கெட் வேறு ஏதோ இன்புட்டுக்கு எழுதிவைக்கப்பட்டிருக்கும். 'இன்புட் அசைன்' என்ற மெனுவில் போய் 'ஆப்டிகல் 1 யாருக்கு?' என்று பார்த்து, கேபிள் இன்புட்டுக்கு மாற்றுங்கள். அதே இடத்தில் 'இன்புட் மோட்' என்று இருந்தால் 'ஆட்டோ' அல்லது 'டிஜிட்டல்'. 'அனலாக்' என்று இருந்தால் ஆப்டிகலைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

நாலாவது வழி: சிவப்பு, வெள்ளை

பாக்ஸின் சிவப்பு வெள்ளை அவுட்டிலிருந்து ரிசீவரின் ஏதாவது ஒரு சிவப்பு வெள்ளை இன்னுக்கு. 'ஃபோனோ' என்று எழுதியதில் மட்டும் வேண்டாம். அது இசைத்தட்டு சுழற்றுகிற கருவிக்கானது, உள்ளே வருகிற மெல்லிய சிக்னலை நூறு மடங்கு அளவுக்குப் பெரிதாக்கும், பாக்ஸைச் செருகினால் காதைக் கிழிக்கும்.

ஒற்றை ஜாக் வைத்த பாக்ஸ் என்றால் அதனுடன் வந்த வயரையே பயன்படுத்துங்கள். வெளியில் வாங்கும் வயரில் மூன்று நிறங்களும் உள்ளே இணைந்திருக்கும் வரிசை மாறியிருக்கலாம். அப்படியென்றால் சத்தத்துக்குப் பதில் ஒரு பக்கம் கர்ரென்ற இரைச்சல் கேட்கும். மஞ்சளை ரிசீவரின் சிவப்பிலும் சிவப்பை டிவியின் மஞ்சளிலும் மாற்றிச் செருகிப் பார்த்தால் பல சமயம் சரியாகிவிடும்.

பாக்ஸின் மெனு

பாக்ஸ் ரிமோட்டில் செட்டிங்ஸ் போய் ஆடியோ என்ற பகுதியைத் திறந்தால் 'ஸ்டீரியோ', 'பிசிஎம்', 'டால்பி டிஜிட்டல்', 'சரவுண்ட்', 'ஆட்டோ' என்று பாக்ஸுக்குப் பாக்ஸ் வேறு வேறு பெயர்கள் வரும். சாரம் ஒன்றுதான். பிசிஎம் என்றால் பாக்ஸே சத்தத்தைப் பிரித்து எடுத்து அனுப்புகிறது, பெரும்பாலும் இரண்டு சேனலாக. டால்பி அல்லது பிட்ஸ்ட்ரீம் என்றால் பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்படியே ரிசீவரிடம் கொடுத்துவிடுகிறது, ரிசீவர் பிரித்து ஐந்து ஸ்பீக்கருக்கும் பங்கு போடுகிறது. நமக்கு வேண்டியது இரண்டாவது.

முதல்முறை இணைத்துப் பார்க்கும்போது மட்டும் பிசிஎம்மில் வையுங்கள். எந்த ரிசீவருக்கும் பிசிஎம் புரியும். அதில் சத்தம் வந்துவிட்டால் வயரும் இன்புட்டும் சரி என்று உறுதியாகிவிட்டது, பிறகு டால்பிக்கு மாற்றலாம். மாற்றிய நொடியில் சத்தம் நின்றுபோனால் குற்றவாளி யார் என்று தேட வேண்டியதே இல்லை.

பாக்ஸின் வால்யூமையும் பாருங்கள். பிசிஎம்மிலும் சிவப்பு வெள்ளையிலும் பாக்ஸ் வால்யூம் குறைவாக இருந்தால் ரிசீவருக்கு வருவதே குறைவாகத்தான் வரும், ரிசீவரை எவ்வளவு ஏற்றினாலும் சோகையாகவே இருக்கும். முழுதாக ஏற்றி வைத்துவிட்டு இனி ரிசீவரில் மட்டும் கூட்டிக் குறையுங்கள். சிவப்பு வெள்ளையில் முழு வால்யூமில் சத்தம் உடைந்தால் இரண்டு மூன்று படி இறக்குங்கள். பாக்ஸ் மியூட்டில் இருக்கிறதா என்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் பாருங்கள்.

ரிசீவரின் மெனு

ரிசீவரின் முன்பக்க டிஸ்ப்ளேதான் இந்த வேலையில் உங்கள் உண்மையான நண்பன். அதில் 'டால்பி டி' என்று எழுத்து வந்தால் 5.1 பொட்டலம் வந்து சேர்கிறது. 'பிசிஎம்' அல்லது 'ஸ்டீரியோ' என்றால் இரண்டு சேனல்தான். ஒரு சேனலை வைத்துவிட்டு "பின்னாடி ஸ்பீக்கரில் சத்தமே இல்லையே" என்று முடிவுக்கு வராதீர்கள். நிறைய சேனல்கள் ஒளிபரப்புவதே ஸ்டீரியோவில்தான், அந்தச் சேனலிடம் இல்லாததை எந்த வயரும் கொண்டுவராது. எச்டி சேனல்கள், குறிப்பாகப் படமும் விளையாட்டும் போடுபவை, இவற்றில் நாலைந்தை மாற்றிப் பார்த்தால் டிஸ்ப்ளே மாறுகிறதா என்று தெரியும்.

ஸ்டீரியோவாக வருவதை ஐந்து ஸ்பீக்கரிலும் கேட்க வேண்டும் என்றால் ரிசீவரின் சரவுண்ட் மோடைப் பயன்படுத்துங்கள். பழையவற்றில் டால்பி புரோ லாஜிக் 2, புதியவற்றில் டால்பி சரவுண்ட் அல்லது டிடிஎஸ் நியூரல் எக்ஸ். இவை பேச்சை நடு ஸ்பீக்கருக்கும் சுற்றுப்புற ஒலியைப் பின்பக்கத்துக்கும் ஊகித்துப் பிரிக்கும். சீரியலுக்கும் செய்திக்கும் இது நன்றாகவே இருக்கிறது, பேச்சு திரையிலிருந்தே வருவது போல இருக்கும். 'ஹால்', 'ஸ்டேடியம்' போன்ற பெயரில் வரும் மோடுகளை நான் பரிந்துரைக்க மாட்டேன், செய்தி வாசிப்பவர் குளியலறையில் நின்று வாசிப்பது போல ஆகிவிடும்.

எத்தனை ஸ்பீக்கர் இருக்கிறது என்பதை ரிசீவரிடம் உள்ளபடி சொல்லுங்கள். ரிசீவருடன் வந்த மைக்கை வைத்துத் தானாக அளக்கும் வசதி இருந்தால் அதை ஓட்டிவிடுங்கள், கையால் போடுவதாக இருந்தால் சின்ன ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' என்று வைத்து கிராஸ்ஓவரை, அதாவது எதற்குக் கீழான தாழ்ந்த ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லையை, 80 ஹெர்ட்ஸில் தொடங்கலாம். இதில் பொய் சொன்னால் நேராகத் தண்டனை கிடைக்கும். நடு ஸ்பீக்கர் இல்லாமலே 'இருக்கிறது' என்று மெனுவில் விட்டுவிட்டால், 5.1 சேனல் வரும்போது இசை கேட்கும், கைதட்டல் கேட்கும், ஆள் பேசுவது மட்டும் கேட்காது. பேச்சு மொத்தமும் இல்லாத ஸ்பீக்கருக்குப் போய்க்கொண்டிருக்கும். 'நன்' என்று மாற்றினால் அது இடது வலது ஸ்பீக்கர்களுக்குப் பங்காகிவிடும்.

டிவி ஸ்பீக்கரும் ரிமோட்டும்

டிவி ஸ்பீக்கரை மெனுவில் ஆஃப் செய்துவிடுங்கள், முடியாவிட்டால் வால்யூமைச் சுழியத்தில் வையுங்கள். இரண்டும் சேர்ந்து பாடினால் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போல எதிரொலிக்கும்.

அப்புறம் வீட்டில் அமைதி நிலவ வேண்டுமானால் ஒரே ரிமோட்டில் வால்யூமும் சேனலும் மாற வேண்டும். ஏஆர்சியில் போனால் சிஇசி இதைப் பார்த்துக்கொள்ளும், டிவி ரிமோட்டின் வால்யூம் பட்டனே ரிசீவரைக் கூட்டிக் குறைக்கும். மற்ற வழிகளில் பாக்ஸின் ரிமோட்டில் ரிசீவருக்கான கோடைப் பதிய முடியுமா என்று கையேட்டில் பாருங்கள், பல ரிமோட்டுகளில் முடியும். சிஇசியில் ஒரு தொல்லை உண்டு: ஒன்றை அணைத்தால் மூன்றும் அணையும், பாட்டு மட்டும் கேட்கலாம் என்று டிவியை அணைத்தால் ரிசீவரும் தூங்கப் போய்விடும். பிடிக்கவில்லை என்றால் சிஇசியை முழுதாக நிறுத்தாமல் 'சேர்ந்து அணைவது' என்ற அம்சத்தை மட்டும் நிறுத்திப் பாருங்கள்.

அடிக்கடி வருகிற தகராறுகள்

நேற்றுவரை ஓடியது, இன்று திடீரென்று சத்தம் இல்லை. எச்டிஎம்ஐ வழியில் இது சகஜம். மூன்று பெட்டிகளையும் பிளக்கிலிருந்து கழற்றி ஓரிரு நிமிடம் விட்டு, டிவி, ரிசீவர், பாக்ஸ் என்ற வரிசையில் திரும்ப ஆன் செய்யுங்கள். ரிமோட்டில் ஆஃப் செய்து ஆன் செய்வது போதாது, அது வெறும் தூக்கம்தான்.

சேனல் மாற்றும்போது முதல் ஒரு வார்த்தை கேட்காமல் போகிறது. ஸ்டீரியோ சேனலிலிருந்து டால்பி சேனலுக்குத் தாவும்போது ரிசீவர் புதுப் பொட்டலத்தை அடையாளம் காண ஒரு கணம் எடுத்துக்கொள்கிறது. பழுது அல்ல. ரொம்ப எரிச்சலாக இருந்தால் பாக்ஸைப் பிசிஎம்மில் வைத்துவிடலாம், 5.1 போய்விடும்.

உதடும் பேச்சும் ஒட்டவில்லை. பேச்சு முன்னால் வந்து உதடு பின்னால் அசைந்தால் டிவி படத்தை மெருகேற்ற நேரம் எடுத்துக்கொள்கிறது என்று அர்த்தம். ரிசீவரில் 'லிப் சிங்க்' அல்லது 'ஆடியோ டிலே' என்பதில் பத்துப் பத்து மில்லி நொடியாகக் கூட்டிக்கொண்டே போய், செய்தி வாசிப்பவர் முகத்தைப் பார்த்து நிறுத்துங்கள். எச்டிஎம்ஐ 1.3 முதல் இதைத் தானாகச் சரிசெய்கிற ஏற்பாடும் உண்டு, ஆனால் எல்லா டிவியும் சரியான அளவைச் சொல்வதில்லை. மாறாக சத்தம் பின்னால் வந்தால் முதலில் அந்த டிலேயைச் சுழியமாக்குங்கள், ஏஆர்சி என்றால் டிவியின் டிஜிட்டல் அவுட்டைப் பாஸ் த்ரூவில் வையுங்கள், அதுவும் போதாவிட்டால் பாக்ஸிலிருந்து நேராக ஆப்டிகல்.

சில சேனல் காதைப் பிளக்கிறது, சில சேனல் முனகுகிறது. டால்பி பொட்டலத்துக்குள் அதன் பேச்சு எந்த அளவில் இருக்கிறது என்று ஓர் எண் வரும். ரிசீவர் அந்த எண்ணைப் படித்து, 31-க்கு எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அத்தனை டெசிபல் சத்தத்தை இறக்கும். எண் 24 என்றால் 7 டெசிபல் இறங்கும். ஸ்டீரியோ சேனலுக்கு இந்த இறக்கம் கிடையாது, அதனால்தான் அது கத்துவது போல இருக்கிறது. ரிசீவரில் 'டைனமிக் ரேஞ்ச்' அல்லது 'நைட் மோட்' ஆன் செய்தால், டால்பி சேனலுக்குள் பேச்சு முனகலும் வெடிச் சத்தமும் மாறி மாறி வருவதாவது மட்டுப்படும்.

கடைசியாக, விடாமல் கேட்கிற 'ம்ம்ம்ம்' என்ற தாழ்ந்த இரைச்சல். கேபிள் பாக்ஸுக்கே உரிய வியாதி இது. சுவரிலிருந்து வரும் கேபிள் வயருக்கு ஒரு எர்த், உங்கள் பிளக் பாயிண்ட்டுக்கு இன்னொரு எர்த், இரண்டுக்கும் நடுவில் ரிசீவர் மாட்டிக்கொண்டு அந்த வித்தியாசத்தைச் சத்தமாக்குகிறது. சோதிப்பது சுலபம்: பாக்ஸிலிருந்து அந்தக் கேபிள் வயரை மட்டும் திருகிக் கழற்றுங்கள், அது டிவிக்கும் பிரிந்து போனால் அங்கேயும் கழற்றுங்கள். இரைச்சல் நின்றால் இதுதான் காரணம். சிவப்பு வெள்ளையில் இணைத்திருந்தால் ஆப்டிகலுக்கு மாறுங்கள், அதில் வெளிச்சம் மட்டும் போவதால் பாக்ஸுக்கும் ரிசீவருக்கும் நடுவில் மின் தொடர்பே இருக்காது. ரிசீவருக்கும் டிவிக்கும் எச்டிஎம்ஐ இருந்தால் அந்தப் பக்கமாகவும் இரைச்சல் சுற்றி வரலாம், அப்போது கேபிள் வயர் நுழைகிற இடத்தில் போட கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்ற சின்னத் துண்டு கிடைக்கும். அதே வயரில் இன்டர்நெட்டும் வந்தாலோ, பாக்ஸ் பதில் அனுப்புகிற இருவழி வகையாக இருந்தாலோ, 5 மெகாஹெர்ட்ஸிலிருந்து விடுகிற ஐசோலேட்டராகப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் இரைச்சல் போய் பாக்ஸும் சேர்ந்து படுத்துவிடும். பிளக்கின் எர்த் பின்னை உடைத்து இரைச்சலை நிறுத்துகிற வித்தையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அந்தப் பின் இருப்பது ஷாக் அடிக்காமல் காப்பதற்கு.